பகல் பதினொன்று முதல் நான்கு வரை

சேலத்தில் நான் முதலில் வாங்கிய பொருள் ஒரு சால்வை. சித்திரை மாதம். கடைவீதியில் நடந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிழலுக்கு நிழல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்குங்க சார் போத்தப் போறீங்க? மந்திரி யாராச்சும் வாராங்களா?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கு நீங்களேவா?" என்று கேட்டவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருப்பதில் விலை குறைந்ததை எடுத்துக் கொடுத்தார்.

விடுதியின் கூட்ட அறையில் குளிர் தாங்க முடியவில்லை. உலகம் சூடாவதைப் பற்றி நாள்கணக்கில் பேசுவதற்காக அதை அப்படிக் குளிரவைத்திருந்தார்கள்.

நான் ஈப்போக்காரன். கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் உட்கார்ந்து, பிறர் எழுதியதை வெட்டியும் ஒட்டியும் தலைப்புப் போட்டும் ஓய்வுபெற்றவன். மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறவன் வேர்களைத் தேடித்தான் வருகிறான் என்று இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது. விடுதி வரவேற்பாளரே கேட்டார், "தாத்தா எந்த ஊருங்க சார்?" என் தாத்தா இந்தப் பக்கம் இல்லை. நான் வந்தது கூலி வேலைக்கு. பருவநிலை மாற்றம் குறித்த சர்வதேச அறிவியல் மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை 'மக்களிடம் கொண்டு சேர்க்கும்' வெளிநாட்டு அமைப்பு ஒன்று அதைத் தமிழாக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தது. சேலத்தில் அதை வெளியிட ஒரு பயிலரங்கு, நாமக்கல் பக்கம் ஒரு களப்பயணம். இரண்டிலும் நான் மொழிபெயர்ப்பாளன்.

முதல் நாள் மாலை, சால்வையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்து, ஒரே வாயில் போடச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட மாணவி நான்கு செட்டை முடித்துவிட்டு என் சட்டையில் விழுந்த பீட்ரூட்டைக் கையால் காட்டினாள். ஈப்போவில் வெயில் எவ்வளவு அடித்தாலும் பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் ஒரு மழை வந்து சமாதானம் செய்துவிடும். இங்கே இருட்டிய பிறகும் தார்ச்சாலை சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் பயிலரங்கு.

அறிக்கையைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல நாட்டு அறிவியலாளர்கள் வெளிவந்த ஆய்வுகளை வருடக்கணக்கில் படித்து, என்ன தெரியும், என்ன தெரியாது, தெரிந்தது எவ்வளவு உறுதி என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் 'உயர்ந்த நம்பிக்கை', 'நடுத்தர நம்பிக்கை' என்று தங்கள் உறுதியின் அளவையும் குறிக்கிறார்கள். நாங்கள் செய்திகளுக்கு அப்படிக் குறித்திருந்தால் எங்கள் நாளிதழ் நான்கு பக்கத்தைத் தாண்டியிருக்காது. பூமி சூடாகிறது, சூடாக்கியவர்கள் மனிதர்கள், இப்போதே செயல்பட்டால் கொஞ்சம் தப்பலாம். இதைச் சொல்வதில் அவர்கள் ஒருபோதும் தடுமாறவில்லை.

என் புகார் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. சுருக்கம் வெளிவருவதற்கு முன் அரசுகளின் பிரதிநிதிகள் கூடி அதை வரிவரியாக ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் இருந்த ஒரே உண்மையான அறிவியலாளர் இங்க்ரிட். வடக்கு ஐரோப்பாவைச் சேர்ந்தவர், அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவர். தேநீர் இடைவேளையில் அவர் சொன்னார்: "ஒரு வாக்கியத்துக்காக ஒன்றரை நாள் உட்கார்ந்தோம். உள்ளே போகும்போது 'உடனே செய்தாக வேண்டும்' என்று இருந்தது. வெளியே வரும்போது 'செய்வதற்கான வாய்ப்புகள் உள்ளன' என்று இருந்தது."

"பொய்யாகிவிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை. பொய்யாகாமல் பார்த்துக்கொண்டோம். அதுதான் எங்களால் முடிந்தது."

அதற்கும் பிறகு அது என்னைப் போன்றவர்கள் கைக்கு வரும். செய்தி மேசையில் இருந்த காலத்தில் 'கடைசி எச்சரிக்கை' என்ற தலைப்பை நான் நான்கு முறை போட்டிருக்கிறேன். நான்கும் முதல் பக்கம். நான்கு முறையும் எதிர்ப்பக்கத்தில் கார் விளம்பரம்.

பயிலரங்கில் எல்லோருக்கும் ஒரு துணிப்பை, பேனா, தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். மாவட்டத்து அதிகாரி ஒருவர் குத்துவிளக்கு ஏற்றினார். குளிர்சாதனக் காற்றில் திரி இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை ஒருவர் துணிப்பையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் களப்பயணம். புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு முட்டைக் கோழிப்பண்ணை. அதிகாரிதான் அதைத் தேர்ந்தெடுத்தார். நெடுஞ்சாலைக்குப் பக்கம், கழிவறை சுத்தம் என்று காரணம் சொன்னார். பண்ணையின் உரிமையாளர் பாக்கியம் என்ற அம்மாள். காலை ஏழு மணிக்கு வருவதாக அவரிடம் சொல்லியிருந்தோம்.

ஏழு மணிக்கு நாங்கள் விடுதியில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எட்டரைக்கு வேன் வந்தது. அதில் ஏசி வேலை செய்யவில்லை. வெப்பத்தின் தாக்கத்தை நேரில் பார்க்கப் போகும் குழு, ஏசி இல்லாத வேனில் போக முடியாது என்று தீர்மானித்து, வேறு வேனுக்குக் காத்திருந்தது. காத்திருந்ததில் புகைப்படக்காரர் மார்க்கஸுக்கு மட்டும் வருத்தமில்லை. "காலை வெளிச்சத்தில் எல்லாம் அழகாக இருக்கும். எனக்கு வெயில் தெரிய வேண்டும்" என்றார்.

இரண்டாவது வேனின் ஓட்டுநர் செந்தில், திருச்செங்கோட்டுக்காரர். பத்து வருடம் ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டியவர். அவர் போகாத மாநிலம் இல்லை. நான் மடியில் வைத்திருந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"நடுத்தர நம்பிக்கைன்னா என்னங்க சார்? போர் போடலாமா, வேண்டாமா?"

இங்க்ரிட் சிரித்துக்கொண்டே, இருக்கும் சான்றுகள் எவ்வளவு, அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பொறுத்தது என்று விளக்கினார். நான் தமிழில் சொன்னேன்.

"நாங்க ஆயிரம் அடி இறக்குவமுங்க. தண்ணி வரும், இல்லீன்னா புழுதி வரும். புழுதி வந்துச்சுன்னா அதுல எங்களுக்கு ரொம்ப உயர்ந்த நம்பிக்கைங்க" என்றார் செந்தில். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "புழுதி வந்தாலும் 'இன்னொரு எறநூறடி போட்டுப் பாப்பம்'னுதான் சொல்லுவாங்க. நாங்களும் வேண்டாம்னு சொன்னதில்லீங்க" என்றார்.

பண்ணை வாசலில் இறங்கியபோது ஒன்று பத்து.

வாசலில் ஒரு தொட்டியில் கிருமிநாசினித் தண்ணீர். காலை நனைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். மார்க்கஸ் தன் தோல் காலணியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தாண்டினார். வாசலைக் காவல் காக்கும் சரோஜா, "ஏனுங்க, ஏனுங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

பாக்கியம் ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இல்லை. மூன்று ஷெட்டுகளையும் அவரே பார்த்துக்கொள்கிறார். எங்களைப் பார்த்ததும் முதலில் மணியைப் பார்த்தார்.

"வெடியால வாரேன்னு சொன்னீங்க. இப்ப உள்ள போவ முடியாதுங்க சாமி. பதினொண்ணு மணிக்கு மேல அதுங்ககிட்ட யாரும் போவக் கூடாது. ஊட்டுல உக்காருங்க, மோரு குடிங்க. நாலு மணிக்குக் காட்டறனுங்க."

காரணத்தையும் சொன்னார். கோழிக்கு வியர்க்காது. வெயில் ஏற ஏற இறக்கையை விரித்து, வாயைத் திறந்து, மூச்சு வாங்கியே சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதனால் விடிவதற்கு முன் தீனி, உச்சிப் பொழுதில் தீனி கிடையாது, செரிக்கிற சூடும் சேர்ந்துவிடக் கூடாது. ஷெட்டில் மெல்லிய சாரல் அடிக்கும் தெளிப்பான்கள் ஓடும். பக்கங்களில் நனைத்த சாக்கு தொங்கும். வேலைக்காரர்களே உள்ளே போக மாட்டார்கள். அந்த நேரத்தில் கோழி மிரண்டு ஒரு தடவை இறக்கை அடித்தால், அந்தச் சூடே அதைக் கொன்றுவிடும். இப்போது இருப்பது முட்டை உச்சத்தில் இருக்கும் மந்தை. கத்திரி முடியும்வரை இவற்றைக் காப்பாற்றிவிட்டால் போதும், மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்றார்.

நான் படித்த எந்த அறிக்கையிலும் 'தகவமைப்பு' என்ற சொல்லுக்கு இவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை.

அதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டினார். "நாலு மணிக்கு எனக்குக் கூட்டம் இருக்கும்மா. அஞ்சு நிமிஷம்தானே?"

பாக்கியம் அவரைப் பார்த்தார். பாக்கியத்தின் கையில் மடித்த ஒரு காகிதம் இருந்தது. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்முனை மின்சாரம் நிற்கக் கூடாது, நின்றால் தெளிப்பான் ஓடாது என்று எழுதிய மனு. இரண்டு கோடைகளாக அலைந்தும் அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நாங்கள் வர அவர் ஒப்புக்கொண்டதே இந்த அதிகாரி கூட வருகிறார் என்பதற்காகத்தான். அன்றைக்கு மின்சாரம் இருந்தது. தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்தது.

மார்க்கஸ் என்னிடம், "அந்தச் சாரல் கேமராவுக்கு ஆகாது. ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்ல முடியுமா?" என்றார்.

நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"ஆகாதுங்க சாமி. ஆகவே ஆகாது" என்றார் பாக்கியம். முகத்தில் கோபம் இல்லை. விருந்தாளியிடம் பேசும் குரல்தான். இந்த ஊரில் அடிக்க வருகிறவர்கூட மரியாதை குறையாமல்தான் வருவார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் மார்க்கஸ்.

நான் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்: "அவருக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது."

நாற்பது வருடப் பழக்கம். கடுமையாக வந்ததை மட்டுப்படுத்தி, யார் மனமும் நோகாமல் அச்சுக்கு அனுப்பும் பழக்கம். ஒன்றரை நாள் எடுத்துக்கொண்ட அரசுப் பிரதிநிதிகளைப் பற்றி முந்தைய நாள் கேலி செய்தவன், அதே வேலையை ஒரு நொடியில் முடித்துவிட்டேன்.

தயக்கம்தானே என்று மார்க்கஸ் நடந்தார். அதிகாரி நடந்தார். ஷெட் ஓரத்தில் நின்ற ஆளிடம் அதிகாரியே சொல்லித் தெளிப்பானை நிறுத்தினார். பாக்கியம் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். வீடு தேடி வந்தவர்களை வெளியே போ என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே இருபக்கமும் அடுக்கடுக்காகக் கூண்டுகள். ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள், எல்லாம் வாயைத் திறந்தபடி. சத்தம் அதிகமில்லை. ஒரே சீரான மூச்சு. மார்க்கஸ் நடைபாதையின் நடுவில் நின்று, பையிலிருந்து மடித்த வட்டமான ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளித் துணி. கையை விட்டதும் அது 'பட்'டென்று விரிந்து வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரிதாயிற்று. வெளியிலிருந்து வந்த வெயில் அதில் பட்டுக் கூண்டு வரிசை முழுவதும் ஒரு வீச்சாக ஓடியது.

அதன்பிறகு ஷெட்டே எழுந்தது. இறக்கைகள் கம்பியில் அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேசியதும் கேட்கவில்லை. தூசியும் இறகும் கண்ணை மறைத்தன. அரை நிமிடம் இருக்கும். பிறகு சத்தம் அடங்கியது. அடங்கியதுதான் மோசம். கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோழிகள் சாயத் தொடங்கின.

பாக்கியம் கத்தவில்லை. எங்களை முழங்கையால் தள்ளிக்கொண்டே போய்த் தெளிப்பானைப் போட்டார். "சரோசா, அண்டாவுல தண்ணி! மெதுவா, மெதுவா வாங்க, ஓடாதீங்க!" சரோஜாவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். மூச்சு இருந்த கோழிகளைக் கூண்டிலிருந்து எடுத்துக் கழுத்துவரை தண்ணீரில் முக்கி நிழலில் வைத்தார்கள். சில எழுந்து நின்றன. மற்றவற்றைத் தள்ளுவண்டியில் போட்டார்கள். தள்ளுவண்டி இரண்டு நடை போயிற்று. இரண்டாம் நடையை மார்க்கஸ் படம் எடுத்தார். இங்க்ரிட் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அதற்குள் எடுத்து முடித்திருந்தார்.

இங்க்ரிட் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "கோழிகளில் வெப்ப இறப்பு என்று ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன். அப்படிச் சாகும் ஒரு கோழியைக்கூடப் பார்த்ததில்லை" என்றார். அவர் கண்ணீரைப் பார்த்துவிட்டுப் பாக்கியம் சொம்பில் மோர் கொண்டுவந்தார்.

"அழுவாதீங்க கண்ணு. இந்த வெய்யல்ல அழுதா இன்னும் தவிக்கும்."

இங்க்ரிட் மன்னிப்புக் கேட்டார். ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் அதைத் தமிழில் சொன்னேன். பாக்கியம் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க தமிழு பேசறவருதானுங்க?"

"ஆமாம்மா."

"நாஞ் சொன்னது உங்களுக்கு வெளங்குச்சுதானுங்க?"

"விளங்கியது."

"அப்பறம்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வந்தவர்களுக்குச் சமைத்து வைத்திருந்தார். இலை போட்டு, அரிசிம்பருப்பு சாதமும் ராசிபுரத்து நெய்யும், தயிரும், அவித்த முட்டையும் பரிமாறினார். வேண்டாம் என்றவர்களிடம், "போன கோழிக்குச் சோறு என்னங்க பண்ணுச்சு? சாப்புடுங்க" என்றார். ஈப்போவில் காப்பிக்கடைக்குப் போனால் அரைவேக்காட்டு முட்டை இரண்டை உடைத்துக் குடிக்காமல் நான் எழுந்திரிப்பதில்லை. அன்று இலையில் இருந்த முட்டையை என்னால் தொட முடியவில்லை. மார்க்கஸ் இரண்டாம் முறை நெய் கேட்டார். அதிகாரி ஏப்பம் விட்டு, மனுவை வாங்கித் துணிப்பைக்குள் போட்டு, "பரிசீலிக்கறோம்மா" என்றார்.

திரும்பும் வழியில் வேனில் ஏசி நன்றாக வேலை செய்தது.

நான்காம் நாள் காலை, மார்க்கஸ் தள்ளுவண்டிப் படத்தை எனக்கு அனுப்பி, கீழே போடத் தமிழில் ஒரு வரி கேட்டிருந்தார். அவர் எழுதியிருந்தது: 'உயரும் வெப்பத்தில் பறிபோகும் வாழ்வாதாரம்'. நான் எழுதி அனுப்பியது: 'பகல் ஒரு மணிக்கு, உரிமையாளர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், தெளிப்பானை நிறுத்தச் சொல்லி நாங்கள் உள்ளே போனதால் செத்த கோழிகள்.'

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'நீளமாக இருக்கிறது.'

நிறைவு விழாவில் இங்க்ரிட் நடந்ததை மறைக்காமல் சொன்னார். நானும் மட்டுப்படுத்தாமல் மொழிபெயர்த்தேன். கூட்டம் கைதட்டியது. கூட்டம் அந்த மூன்று நாளும் எல்லாவற்றுக்கும் கைதட்டியது. பிறகு 'சேலம் பிரகடனம்' வாசிக்கப்பட்டது. உடனடிச் செயல்பாட்டின் அவசியத்தை அது உறுதிபட வலியுறுத்தியது. யார், எங்கே, எப்போது, என்ன செய்வது என்பது மட்டும் அதில் இல்லை. எங்கள் தொழிலில் சேரும் பையன்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருவது அந்த நான்கு கேள்விகளைத்தான். கடைசியில் எல்லோருக்கும் சால்வை போர்த்தினார்கள். கடைக்காரர் கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது.

அறை காலியானபோது ஒரு நாற்காலியில் துணிப்பை ஒன்று கிடந்தது. அதிகாரியுடையது. பேனாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். மனு உள்ளே இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

மதியம் செந்தில் அறைக் கதவைத் தட்டினார்.

"அந்தப் பாக்கியம் அக்கா போன் பண்ணுனாங்க சார். 'மலேசியாக்காரரு எழுத்து வேல பாக்கறவருதான? வாசல்ல மாட்டறதுக்கு ஒரு பலகை எழுதித் தரச் சொல்லு'ன்னாங்க. எதோ கோவத்துல சொல்றாங்களோன்னு பாத்தேன். இல்லீங்க, நெசமாத்தான் கேக்கறாங்க."

அன்று மாலை நாமக்கல் போனோம். லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில், லாரியின் முதுகில் பெயரும் எச்சரிக்கையும் எழுதுகிற பெயின்டர் ஒருவரைச் செந்திலுக்குத் தெரியும். நான் காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்ததை அவர் வாங்கிப் படித்தார். கோழியின் உடல்நிலை, வெப்பம், பண்ணையின் நலன் என்று ஏழு வரி. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இத நின்னு படிக்கணுமுங்க சார். நிக்கறவன் எதுக்குப் பலகை பாக்கறான்? வார வேகத்துல கண்ணுல அடிக்கணும்."

"எத்தனை சொல் இருக்கலாம்?"

"எண்ணி எழுதுனா எழுத்து நிக்காதுங்க. என்ன வேணாம்னு சொல்லோணும்? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குச் செய்தி ஆசிரியராக இருந்தவர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் எடுத்ததில்லை. அங்கேயே நின்று ஆறு வரியை அடித்தேன். மஞ்சள் தகரத்தில் கறுப்பு எழுத்து:

'பகல் 11 முதல் 4 வரை உள்ளே வரக் கூடாது. யாராக இருந்தாலும்.'

கீழே ஆங்கிலத்திலும் அதையே எழுதினார். நான் பணம் எடுப்பதற்குள் பழக்க தோஷத்தில் அடியில் 'நன்றி, மீண்டும் வருக' என்று போட்டு முடித்திருந்தார். செந்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெயின்டர் முகம் மாறாமல் மஞ்சள் பெயின்டை எடுத்து அதை அழித்தார். வெயில் சாய்வாக விழுந்தால் அந்த இடத்தில் 'வருக' கொஞ்சம் தெரியும். பலகையைச் செந்திலே கொண்டுபோய்ப் பண்ணை வாசலில் மாட்டினார்.

ஐந்தாம் நாள் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். விமான நிலையம் போக இரவு ரயில். பகல் என்னுடையது. சேலத்திலிருந்து பேருந்து ஏறி ராசிபுரத்தில் இறங்கினேன். தபால் நிலையத்தில் மனுவை மின்வாரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் துபாயில் இருக்கும் மகனுக்கு அரை மணி நேரமாக ஒரு பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நெய் இருந்தது. நெய்யை அனுப்ப முடியாது என்று எழுத்தர் சொல்ல, "வெண்ணெய்னு எழுதிக்கங்க" என்று இவர் சொல்ல, பின்னால் நின்ற அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். என் ரசீது கைக்கு வந்தபோது பத்தே முக்கால். அடுத்த பேருந்து வழியில் இரண்டு இடத்தில் நின்று ஆள் பிடித்தது.

ரசீதை நேரில் பாக்கியத்தின் கையில் கொடுத்து, அந்த 'அப்பறம்?' என்ற கேள்விக்கு இதையாவது பதிலாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பண்ணை வாசலில் நின்றபோது பதினொன்று இருபது. மஞ்சள் பலகை தூரத்திலிருந்தே கண்ணில் அடித்தது. பெயின்டர் சொன்னது சரி.

சரோஜா வாசலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திரிக்கவில்லை.

"அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றேன்.

"நாலு மணிங்க."

"ஷெட்டுக்குள் போகவில்லை அம்மா. வீட்டு வாசல்வரைக்கும்தான்."

"ஊடு உள்ளதானுங்க இருக்குது? பலகையில உள்ளன்னுதானுங்க போட்டிருக்குது?"

"இந்தப் பலகையை எழுதியதே நான்தான்."

"தெரியுமுங்க. அதனாலதான் சொல்றேன். எழுதுனவரே உள்ள வந்தா, நாளைக்கு வாரவன்கிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

ரசீதைக் காட்டினேன். கம்பிக்கு இடையே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடுத்தர்றனுங்க. நீங்க அக்கட்ட வேப்பமரத்தடியில உக்காருங்க. மோரு அனுப்பறேன்."

சாலைக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. உட்கார்ந்தேன். லாரிகள் போயின. ஒன்றரை மணிக்குக் காற்றில் அனல் ஏறியது. பெஞ்சின் விளிம்பைத் தொட முடியவில்லை. பையில் இரண்டு சால்வைகள் இருந்தன. ஒன்றை மடித்து உட்காரப் போட்டேன், மற்றதை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். வெயிலுக்கு அவை பயன்பட்டது அதுதான் முதல் முறை. சாலையில் இரைச்சல் ஓய்ந்த இடைவெளிகளில், வாசலுக்கு அப்பால் தெளிப்பான்களின் சீறல் கேட்டது. வேறு ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் அந்தப் பண்ணையிலிருந்து கேட்க வேண்டிய சத்தம் அது மட்டும்தான்.

இரண்டரைக்கு வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. தீவனக் கம்பெனிக்காரர் போலிருந்தது. இறங்கினார், பலகையைப் படித்தார், சரோஜாவைப் பார்த்தார், காரைத் திருப்பிக்கொண்டு போனார். என் வாழ்நாளில் நான் எழுதிய எச்சரிக்கை ஒன்றை ஒரு மனிதர் படித்து அதன்படி நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மோர்ச் சொம்பு மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் சரோஜாவே சாலையைக் கடந்து கொண்டுவந்தார். அவர் வெளியே வரத் தடை இல்லை.

நிழல் நீண்டதும் எழுந்தேன். சால்வைகளை மடித்துப் பையில் வைத்து, சட்டையைத் தட்டிவிட்டு, சாலையைக் கடந்து வாசலில் போய் நின்றேன். உள்ளே, வீட்டு வாசல்படியில் பாக்கியம் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டார். அசையவில்லை.

சரோஜா இடுப்பிலிருந்து போனை எடுத்து மணி பார்த்தார்.

"இன்னும் ஏழு நிமிசம் இருக்குதுங்க" என்றார்.